பேய்களும் உங்களை ‘அண்ணை’ என்றன

அண்ணை,

இன்று வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது, மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் மணம் வந்தது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. எங்கள் தெரு முனையில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், யாரோ வேண்டாத சாமான்களைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். மேலே தடித்த பேனையால் எழுதி ஒட்டிய ஒரு தாள்: ‘கிராட்டிஸ்’. இலவசம், விரும்பியவர் எடுத்துக்கொண்டு போகலாம். உள்ளே சீஸ் உருக்குகிற ஒரு ஃபொண்டூ சட்டி, காது உடைந்த நான்கு கோப்பைகள், ஒற்றைக் கையுறை. குடையைப் பிடித்தபடி அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று தனியே சிரித்தேன். எதிரே வந்த சுவிஸ் அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த ஒற்றைக் கையுறையையும் விட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டு நடையில் பனிச்சறுக்குக் கட்டைகள் மூன்று சாய்ந்திருக்கும். இரண்டல்ல, நான்கல்ல, மூன்று. அத்தனையும் தெருவில் எடுத்தவை. உங்களுக்கோ பனியில் நடக்கவே பயம். கேட்டால், “நாலாவது எப்பவாவது வரும்” என்பீர்கள்.

ஆராவ் நகரத்து எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், வீட்டுக்கொரு நாள் முறைவைத்து உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நிரோஷா, உளவியல் படிக்கிற அஜந்தன், நான். கதை நடத்துவது என் வேலை. இது ஒரு காடு, அங்கே ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே ஒரு பூதம் என்று சொல்லிக்கொண்டு போவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் நான் என்று அம்மா போகிற இடமெல்லாம் சொல்வார். அந்தப் பட்டதாரி அலுவலகக் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. கிழமை முழுவதும் அடைபட்டுக் கிடந்த என் குரல் அந்த நிலக்கீழ் அறையில்தான் வெளியே வரும்.

நீங்கள் நிரோஷாவைக் காரில் கொண்டுவந்து விடுகிற மாமா. உணவகத்தில் மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் உங்களுக்கு மூன்று மணி நேர ஓய்வு. இங்கே சமையல்காரர்கள் அதை ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்பார்கள். ஒரு ஞாயிறு, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், வெங்காயம் பொரித்த மணத்தோடு கதவடியில் நின்று பார்த்தீர்கள்.

“இதென்ன, தாயமோ?”

“கதை, மாமா. நாங்கள் ஆளுக்கொரு ஆளா நடிக்கிறம்” என்றாள் நிரோஷா.

“நடிக்கிற ஆள் செத்தா?”

“வேற ஆள் எடுக்கலாம்.”

“அப்ப நானும் வாறன்.”

நிரோஷா வைத்தியச்சி, அஜந்தன் வீரன். நீங்கள் யாராக வருகிறீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “கள்ளன்” என்றீர்கள். பெயர் கேட்டேன். “கள்ளனுக்கு என்ன பேர், பிள்ளை? பேர் இருந்தாப் பிடிபடுவான்.”

அன்றுவரை நாங்கள் சுவிஸ் ஜெர்மனில்தான் விளையாடினோம். அந்த மேசையில் எல்லோரும் எல்லோருக்கும் ‘டு’, வெறும் ‘நீ’. அரசனும் ‘டு’, நரியும் ‘டு’. உங்களுக்காகத் தமிழுக்கு மாறினோம். மாறிய முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். பாலத்துக்குக் கீழேயிருந்து பூதம் எழும்பி உங்களை மிரட்ட வேண்டும். என் வாயில் வந்தது இது:

“அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. உங்களைச் சாப்பிடப் போறன். குறை நினைக்காதேங்கோ.”

அஜந்தன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நீங்கள் மட்டும் முகம் மாறாமல், “நல்ல குடும்பத்துப் பூதம்” என்றீர்கள். அது மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் வாளைக் களவெடுத்தீர்கள்.

அதன் பிறகு எல்லாமே அப்படித்தான். கொலைகாரர்கள் உங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். சுடுகாட்டுப் பேய் “இருங்கோ அண்ணை, களைச்சுப் போனியள்” என்றது. ஐம்பது வயதுக்காரரை, ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்து முதலில் மற்றவர் தட்டில் வைக்கிற மனிதரை, ஒரு பூதத்தின் வாயாலும் என்னால் ‘நீ’ என்று சொல்ல முடியவில்லை. ஒருமுறை தந்திரமாக டிராகனை ஜெர்மனில் பேச வைத்தேன். நீங்கள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “வீட்டு நிர்வாகத்திலையிருந்து கடிதம் வந்தது போலக் கிடக்கு. ஆரின்ரையோ தோய்க்கிற நாளிலை நான் தோய்ச்சிட்டனோ?” என்றீர்கள். டிராகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேயே மரியாதை கொடுத்தால் கள்ளனுக்கு என்ன பயம்? உங்கள் கள்ளன் பூட்டு உடைக்கிறவன் அல்ல. இடுப்பில் தாளும் மையும் வைத்திருந்தான். வேண்டிய பொருளில் ‘கிராட்டிஸ்’ என்று எழுதி ஒட்டுவான். ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, “அட, ஆரோ சும்மா வைச்சிருக்கினம்” என்று தூக்கிக்கொண்டு போவான். காவலாளி பிடித்தால், “வாசிச்சுப் பாருங்கோ தம்பி, எழுதியிருக்குத்தானே?” இந்த நாட்டில் எழுதி ஒட்டியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. தாயக்கட்டையும் உங்கள் பக்கமே விழுந்தது. அரசனின் சிம்மாசனம் அப்படித்தான் போனது. கோட்டைக் கதவும் போனது. கதவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “வீடு கிடைச்சாப் பூட்டலாம்” என்றீர்கள். எடுத்ததையெல்லாம் சின்ன எழுத்தில் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தீர்கள்.

பிறகு எங்கள் ஆட்களிடமே கை வைத்தீர்கள். அஜந்தனுடைய குதிரையின் நெற்றியில் தாள் ஒட்டினீர்கள். வைத்தியச்சி நித்திரையாக இருந்தபோது அவளுடைய சப்பாத்து போனது. அஜந்தன், படிக்கிற பிள்ளை அல்லவா, ஒருநாள் கனிவாக ஆரம்பித்தான்.

“அண்ணை, நீங்கள் ஊரிலை எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனீங்கள். அந்த இழப்புத்தான் உங்களை இப்பிடி எடுக்க வைக்குது.”

நீங்கள் அவன் தட்டில் இன்னொரு ரோல்ஸை வைத்தீர்கள். “இல்லைத் தம்பி. களவெடுக்க நல்ல சந்தோசமாக் கிடக்கு.”

மூன்றாம் மாதம் நிரோஷா என்னைப் படிக்கட்டில் மறித்தாள். “நீ அவருக்குச் சொல்லு. இல்லாட்டி இனி நானும் வரமாட்டன், அஜந்தனும் வரமாட்டான்.”

“அவர் உன்ர மாமாதானே? நீயே சொல்லன்.”

“மாமாவுக்கு நான் எப்பிடியடி சொல்லுறது? நீதானே கதை நடத்துறாய்.”

அன்று நான் உங்களுக்கு ஒரு மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது, “அண்ணை, சுகமோ?” நீங்கள் உடனே ஒரு பூப்படம் அனுப்பினீர்கள்.

நேரே சொல்ல முடியாத கோழை நான், கதைக்குள் பொறி வைத்தேன். குழி வெட்டினேன், நீங்கள் அஜந்தனை முன்னால் நடக்கவிட்டீர்கள். போட்டவன் கையை அழுகவைக்கிற சாப மோதிரம் ஒன்றை வைத்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “கிராட்டிஸ்” என்று எழுதித் தெருவோரத்தில் வைத்துவிட்டீர்கள். அந்த வழியாக வந்த ஓர் அப்பாவி வியாபாரியின் கையை நான் அழுகவைக்க வேண்டியதாயிற்று.

கடைசி ஞாயிறு என்று நான் நினைத்துக்கொண்டு வந்த ஞாயிறு அது. நோய் பிடித்த ஓர் ஊரின் கதை. நிரோஷாவின் வைத்தியச்சி நாலு ஞாயிறாக மலை மலையாக ஏறி, மூலிகை சேர்த்து, மருந்து காய்ச்சியிருந்தாள். அந்தக் கிழமை முதியோர் இல்லத்தில் அவள் கவனித்துவந்த ஒருவர் இறந்திருந்தார். “இண்டைக்குக் கதையிலையெண்டாலும் ஒருத்தரும் சாகக்கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் வந்து இருந்தாள். ஊர் வாசலில் மருந்துப் பெட்டி. பக்கத்தில் ஒரு வாசல்காரன்.

நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். “பெட்டியிலை ஒரு தாள் ஒட்டுறன். எடுத்து என்ர சாமானோடை சேர்க்கிறன்.”

சொல்லும்போதே பட்டியலில் எழுதியும் விட்டீர்கள். நிரோஷா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வாசல்காரனுக்கு நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த வசனம், “அண்ணை, உது வருத்தக்காரருக்கு, தயவுசெய்து” என்பது. வாயைத் திறந்தேன்.

“டேய்! வை அதை!”

பக்கத்து அறையில் சுற்றிக்கொண்டிருந்த உலர்த்தும் இயந்திரத்தில் யாருடையவோ பொத்தான் டக் டக் என்று அடித்தது. அஜந்தனின் வாயில் பாதி ரோல்ஸ் அப்படியே நின்றது.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். “இப்ப ஆர் கதைச்சது? வாசல்காரனோ, நீரோ?”

வாசல்காரன் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். நிரோஷா ஜாக்கெட்டில் ஒரு கையை விட்டபடி கதவடியில் நின்றாள். அந்தக் கதவைச் சாத்தினாள் என்றால் என் ஞாயிறும் அதோடு போயிற்று.

“நான்தான், அண்ணை.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஊர் உலகத்திலை எல்லாத்தையும் எடுங்கோ. எங்கடை ஆக்களிட்டையும் வருத்தக்காரரிட்டையும் எடுக்காதேங்கோ. எடுத்தா இந்த விளையாட்டு நிண்டு போம். எனக்குக் கதைக்க வேற இடமில்லை.”

நீங்கள் அழிறப்பரைத் தேடி எடுத்து, ‘மருந்துப் பெட்டி’ என்பதை ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லாமல் அழித்தீர்கள். தாளை ஊதினீர்கள். “வைச்சிட்டன்” என்றீர்கள். பிறகு, எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லாமல், “அம்மா செத்தாப் பிறகு என்னை ஒருத்தரும் டேய் எண்டு கூப்பிடேல்லை. கிச்சனிலை ஹெர், ஐயா எண்டமாதிரி. கோயிலிலை அண்ணை. வீட்டிலை ‘இஞ்சாருங்கோ’” என்றீர்கள்.

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டீர்கள். “நிரோஷா, வந்து இரு. குதிரையையும் திருப்பித் தாறன்.”

“என்ர சப்பாத்து?”

“அதை வித்திட்டன்.”

அவள் சிரித்தாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

நீங்கள் திருந்தினீர்கள் என்று சொல்லமாட்டேன். எங்களிடம் எடுப்பதை விட்டுவிட்டு, கொடுங்கோலர்களிடம் இரட்டிப்பாக எடுத்தீர்கள். நானும் துணிச்சல்காரியாகிவிடவில்லை. பூதங்கள் உங்களை ‘டேய்’ என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் “ஸொரி அண்ணை” என்று சேர்த்துக்கொண்டேன். ஆனால் அந்த வருடம் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் என் வேலையைத் தன்னுடையதாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, “அது நான் செய்தது” என்று சொன்னேன். நல்ல ஜெர்மனில், மரியாதையாக. உள்ளுக்குள் ஒரு ‘டேய்’ இருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

போன மாரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, சிம்மர்ஸ்டுண்டேயில் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் நீங்கள் எழும்பவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். இறுதிப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. உங்கள் தலைமைச் சமையல்காரர் கறுப்பு உடையில் கடைசி வாங்கில் இருந்து அழுதார். பாதர் பிரசங்கத்தில், “பிறர் பொருளுக்கு ஒருபோதும் ஆசைப்படாத மனிதர்” என்றார். அதைக் கேட்டதும் அஜந்தனின் தோள் குலுங்கத் தொடங்கியது. நிரோஷா கைலேஞ்சியைக் கடித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எங்களைப் பார்த்து அழுகிறோம் என்று நினைத்து, யாரோ ஓர் அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடிக்கும்போதுதான் உண்மையாக அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு கழிந்து உங்கள் மனைவி என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, இது உங்கடை விளையாட்டுத் தாளாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வீட்டிலை இல்லாத சாமான் எல்லாம் எழுதிக் கிடக்கு” என்று ஒரு பிளாஸ்டிக் உறையைத் தந்தார். உங்கள் களவுப் பட்டியல். வாள் ஒன்று. சிம்மாசனம் ஒன்று. கோட்டைக் கதவு ஒன்று, பிணைச்சலோடு. நடுவில் ஓர் இடம் அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது. அதற்கு நேரே கீழே, அதே சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள்:

‘டேய் – ஒன்று. களவு இல்லை. பிள்ளை தந்தது. கிராட்டிஸ்.’

கதையில் உங்களை நான் சாகவிடவில்லை, அண்ணை. ஞாயிறுகளில் இப்போதும் விளையாடுகிறோம். எப்போதாவது அஜந்தன் வாளை உருவிக்கொண்டு ஓர் அறைக்குள் பாய்வான். உள்ளே ஒன்றும் இராது. வாசலில் கதவும் இராது. சுவரில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

இன்று அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தபோது ஃபொண்டூ சட்டியை யோசித்தேன், பாரம். கோப்பைகள் உடைந்தவை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒற்றைக் கையுறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஹீட்டரின் மேல் காய்கிறது. இடக்கை.

மற்றது எப்பவாவது வரும்.