நாலடிப் பால்கனி

மனைவி சுலோச்சனா பால் வாங்கப் போயிருந்த நேரத்தில், தாமோதரன் மேஸ்திரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத உட்கார்ந்தார். முந்தின நாளிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. உத்திரமேரூரில் அவர் கட்டிக்கொண்டிருந்த நாலு குடித்தன மாடி வீட்டுக்கு இரண்டரை அடிப் பால்கனி போதாது என்று அவள் சொல்லப்போய், "கட்டடத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்று அவர் கத்திவிட்டிருந்தார்.

"சுலோச்சனா, கம்பி வாங்க வாலாஜாபாத் போறேன். கம்பி கட்ற துரை வருவான். நான் வர்ற வரிக்கும் பால்கனியில கை வெக்க வேணாம்னு சொல்லு. சாவி ஜன்னல் மேல கீது.

விடிஞ்சதும் உன் துணி பக்கெட்ட இடுப்புல வெச்சிக்கினு, பால்கனிக்குக் கான்கிரீட் போட அடிச்ச சென்ட்ரிங் பலகை மேல நின்னு திரும்பிப் பாத்தேன். முழங்கை செவுத்துல இடிச்சிச்சி. நாலு வூட்டுப் பொம்பளைங்களும் தெனம் இடிச்சிக்கணுமா? நாலடி வெக்கறேன். போன்ல கேட்டேன், ஓனரும் ஒத்துக்கினாரு.

பழைய சோறு துன்னாத. மாவு கீது, தோச ஊத்திக்க."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினார்: "நேத்து கத்துனது தப்பு."

சாயங்காலம் கம்பியோடு அவர் வந்து இறங்கியபோது, சுலோச்சனா கட்டடத்து வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கைப்பிடிச் செவுரு எவ்ளோ ஒசரம் வெக்கப் போறீங்க?" என்றாள்.

"நீயே சொல்லு."

அவள் நெஞ்சுக்கு நேரே கையை வைத்தாள். "இவ்ளோ. கொழந்தைங்க ஏறும்."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, அளவு டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார்.