தேங்கிய ரத்தம்

குதைபியா, மனாமா
4 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி ஜுலைஹாவுக்கு, லாத்தாவின் ஸலாம்.

போனில் சொன்னால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால் பஹ்ரைனிலிருந்து லீவில் ஊருக்கு வரும் நம்மூர் அஸ்கர் அலி கையில் கடிதம். நாற்பத்திமூன்று வயதில் காதல் கடிதம் போல ஒளித்து எழுதுகிறேன், சிரிக்காதே.

மாதவலிக்குச் சீன வைத்தியரிடம் போகிறேன். அவருக்குச் சீனம், உதவிக்காரிக்கு ஹிந்தி, எனக்கு இரண்டும் மாஃபி, சுத்தமாகத் தெரியாது. உன் மச்சான் கபீர்தான் மொழிபெயர்ப்பு. "அஞ்சு நாளும் தரையில சுருண்டு கெடக்கேன்னு சொல்லுங்க" என்றேன். மனிதர் வெட்கப்பட்டு, வாயுத் தொல்லை என்று சொல்லியிருக்கிறார்! இரண்டு மாதம் வாயுக் கஷாயம் குடித்தேன். செருப்பை ஊறவைத்த ருசி.

நேற்று வைத்தியர் என் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், அடிவயிற்றை அழுத்தினார். அலறினேன். மச்சான் வியர்த்துப்போய் உண்மையைச் சொன்னார். "நாக்கு ஊதா நிறம். குளிர்ச்சியால் ரத்தம் தேங்கி நிற்கிறது. என் மருந்து இருக்கட்டும், முதலில் ஸ்கேன்" என்றாராம்.

பயமாக இருக்கிறது, ஜுலைஹா. உன் மகள் ஹிஃப்ஸாவுக்கு இந்த மாதமும் வலியா?

ஜொஹரா

கீழக்கரை
25 ஜனவரி

லாத்தாவுக்கு ஸலாம்.

அஸ்கர் அலி திரும்புகிறார், அவசரமாக எழுதுகிறேன். ஸ்கேனில் என்ன? ஹிஃப்ஸாவுக்கு அதே வலிதான், கல்லூரிக்கு மூன்று நாள் போகவில்லை. "கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது பெண் பார்த்துப் போயிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊர் என்ன சொல்லும்?

ஜுலைஹா

குதைபியா
2 பிப்ரவரி

ஜுலைஹா,

எண்டோமெட்ரியோசிஸாம். பேரைச் சொல்லவே விசா வேண்டும். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற செல்கள் வெளியே, சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்கின்றன. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது, வெளியேற வழியில்லை. அதனால் கட்டி. ஏன் சிலருக்கு மட்டும் ஒட்டுகிறது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் குடும்பத்தில் தொடருமாம். சீனக்காரர் தேங்கிய ரத்தம் என்றார், இவர் இடம் மாறிய செல் என்றார். இரண்டு பேரும் கைவைத்தது ஒரே இடத்தில்.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வலி போகவில்லை, பிள்ளையும் வரவில்லை. வெட்கத்தில் ஹிஃப்ஸாவிடம் அப்படிச் சொன்னேன். அவளை உடனே காட்டு. ஊர் பேசட்டும், நான்தான் பிறவியிலேயே பேசுகிறவள், சமாளித்துக்கொள்கிறேன்.

இதை நாளை ஊருக்கு வரும் நுஃமான் கையில் கொடுக்கிறேன்.

ஜொஹரா

ராமநாதபுரம்
13 பிப்ரவரி

லாத்தா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். ஹிஃப்ஸாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

நேற்று உங்கள் ஆபரேஷன், மதியத்திலிருந்து மச்சான் போனை எடுக்கவில்லை. உள்ளே போகும்போது ஹிஃப்ஸா கேட்டாள்: "பெரியம்மா நல்லா இருக்காங்களாம்மா?"

"இப்பதான் பேசினேன், சிரிச்சாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுபடி நம்பரை அழுத்தியிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, லாத்தா.

ஜுலைஹா