கொழுக்கும் எலிகள்

பம்பாய், 12.1.1979

அன்பு அமலராணி,

மாதா காவலில் சுகமாயிருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று ஆராய்ச்சிக்கூடத்தில் மேசைக்கடியில் ஒளிந்திருந்து பேராசிரியர் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். குனிந்து பார்த்து, "என்னங்க செல்வநாதன், உங்க கூண்டை யாரு தொறந்து விட்டது?" என்றார்.

தீனியைப் பாதியாகக் குறைத்தால் புற்றுக்கட்டி மெதுவாக வளருமா என்று எலிகளிடம் பார்ப்பதுதான் என் சோதனை. என் எலிகளோ கல்யாண வீட்டுத் தாய்மாமன் மாதிரி கொழுக்கின்றன. இப்படியே போனால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல்தான் காரைக்கால் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள். பக்கத்து மேசை ஜோஷிதான், வேறு யார்? தினமும் எனக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறான். காரணமில்லாமல் ஒருவன் அவ்வளவு மரியாதை காட்டுவானா? அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஒளிந்தேன்.

பழைய போர்வையை அனுப்பு, புதியதில் தூக்கம் வரவில்லை. தபால் எடுக்கும் நேரம் நெருங்குகிறது, முடிக்கிறேன்.

உன்
செல்வநாதன்

பி.கு: கிறிஸ்துமஸ் முறுக்கு தீர்ந்துவிட்டது. இந்த முறை பெரிய டின்னாக அனுப்பு. பேச்சுத்துணை இல்லாததால் மதியம் எலிக்கூண்டுக்குப் பக்கத்தில்தான் சாப்பிடுகிறேன். அதுகள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆளுக்கொரு துண்டு போடாமல் எப்படித் தின்பது?