வெரோணிக்காவின் இடுப்பு

பிப்ரவரி 20, 1985 – சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் காயும் முன்பே செய்தி வந்துவிட்டது. பெரிய வெள்ளி ஊர்வலத்தில் இந்த வருடம் வெரோணிக்கா வேஷத்தில் நான் இல்லை. செட்டினாவாம். என் கணவரின் தங்கை. கோவில் வாசலில் அன்ட்ரீ சாமி என்னை நிறுத்தி, "சின்ன வயசுக்காரங்களுக்கும் வழி விடணும் இல்லையா, விட்டோரின்?" என்றார். சின்ன வயசா? என்னைவிட மூன்று வயது இளையவள், அவ்வளவுதான். இயேசுவின் முகத்தைத் துடைக்கும் அந்தத் துணியை இத்தனை வருடமும் ஏந்தி நடந்தவள் நான். முழங்கை மடங்காமல் ஏந்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியுமா?

ஊர்வல உடுப்புகளைத் தைக்கும் வேலை மட்டும் என்னிடமே இருக்குமாம். ரொம்ப உபகாரம்.

பிப்ரவரி 22

"என் தங்கச்சிக்கு அந்த வேஷம் நல்லாப் பொருந்தும்," என்றார் என் கணவர் ஸ்பீரு. மொச்சை சூப்பில் உப்பு கூடிவிட்டது. தானாக இல்லை.

மார்ச் 2

வெரோணிக்காவின் நீல அங்கியின் இடுப்பை இரண்டு விரல் உள்ளே பிடித்துத் தைத்தேன். வெளியே ஒன்றும் தெரியாது. என் கை அப்படி.

மாலையில் செட்டினா அளவு பார்க்க வந்தாள். கொக்கி எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நான் குண்டாயிட்டேனா?"

"கொஞ்சம்," என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் என்ன இனிப்பு!

மார்ச் 9

தவக்காலம் வந்தால் செட்டினாவுக்குப் பாதாம் பலகாரம்தான் உயிர். அதையும் விட்டுவிட்டாளாம். ரொட்டியும் கறுப்புக் காப்பியும் மட்டும். இன்று கொக்கி எட்டியது. முகமெல்லாம் பூத்துப்போய் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவள் போனதும் இன்னும் ஒரு விரல் பிடித்துத் தைத்தேன்.

ஏன் செய்தேன்? கை தானா போச்சு. பொய். கை எங்கே தானா போகும்?

மார்ச் 17

ஒத்திகையில் மயங்கி விழுந்துவிட்டாள். சிலுவை சுமக்க உதவும் சீமோனாக வருபவன் கசாப்புக்கடை நென்னு. சிலுவையைப் போட்டுவிட்டு இவளைச் சுமந்தான். "என்ன பக்தி! என்ன விரதம்!" என்று எல்லோரும் உருகினார்கள். கண்ணைத் திறந்ததும் அவள் என் கையைத்தான் தேடிப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 18

பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி வலைக்குப் பின்னால் சாமி இருமினார். அது சிரிப்பை அடக்கும் இருமல், எனக்குத் தெரியாதா?

"தையலைப் பிரிச்சு விடு. ஈஸ்டருக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடு. அவ்வளவுதான்."

"சாமி, வேற ஏதாவது குடுங்க. பெருசா. முட்டி போட்டு..."

"இதுதாம்மா பெருசு."

வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்துவிட்டேன். அது பாதி. மீதி?

மார்ச் 29

வியாகுல மாதா ஊர்வலம். வெறுங்காலோடு நடந்தேன். சாமி கேட்கவில்லை, நானாகத்தான். பாதமெல்லாம் கொப்புளம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்த ஸ்பீரு, "யாரைக் கொன்னுட்டு வந்திருக்க?" என்று கேட்டார். "இன்னும் சாகல," என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார் மனிதர்.

பெரிய வெள்ளியன்று தவம் செய்கிறவர்கள் மாதிரி முகம் மூடும் வெள்ளை அங்கி போட்டு, காலில் சங்கிலி கட்டி இழுத்தால் போதாதா? சங்கிலி எவ்வளவு சுலபம்! வாயைத் திறக்க வேண்டாம்.

ஏப்ரல் 4 – பெரிய வியாழன்

பெரிய வியாழன் வழக்கப்படி ஏழு கோவில் சந்திக்க நானும் செட்டினாவும் வலெட்டா பட்டணத்துக்குப் போனோம். என் கொப்புளம் ஆறவில்லை என்று செட்டினாதான் தோள் கொடுத்து நடத்திக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு பீடத்தின் முன்னும், அடுத்ததில் சொல்லிவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் தவணை வாங்கினேன். ஏழாவதில் தவணை தீர்ந்துவிட்டது. கோவில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பு, தையல், மறுபடி தையல்.

அவள் கையில் பாதாம் பதித்த அப்போஸ்தலர் ரொட்டி. கடித்தது கடித்தபடி நின்றது.

"அண்ணி! அந்தப் பட்டினிய நான் செத்துப்போன என் மாமியார் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுத்தேன்!"

அவள் மடியில் உதிர்ந்த பாதாமைப் பொறுக்கி எடுத்தேன்.

"உங்க ஊசியால வந்த பட்டினி செல்லுமா? உத்தரிக்கிற ஸ்தலத்துலேருந்து மோட்சத்துக்குப் பாதி வழி ஏறி வந்த கிழவி, இப்போ நடுவுல நின்னு என்னைத் திட்டிட்டிருப்பா! அவ வாயி உங்களுக்குத் தெரியாதா?"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அடக்கினேன். ஏனென்றால் அவள் அழுதுகொண்டிருந்தாள். "கண்ணாடி முன்னாடி நின்னு நான் என்னையே எப்படித் திட்டிக்கிட்டேன் தெரியுமா?"

பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 5 – பெரிய வெள்ளி

மதியம் கதவைத் தட்டினாள், அங்கியோடு. பட்டினியில் இளைத்த உடம்பில், பிரித்துவிட்ட அங்கி சாக்குப்பை மாதிரித் தொங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"பிடிங்க. இந்தத் தடவை எவ்வளவுன்னு சொல்லிட்டுப் பிடிங்க."

"ரெண்டு விரல்."

"ம்."

நான் சங்கிலி கட்டவில்லை. தெருவோரம் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தாள். முழங்கை கொஞ்சம் மடங்கியது. யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 7 – ஈஸ்டர்

பட்டினி செல்லுமா என்று சாமியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். "பசிச்சது உனக்குத்தானே? செல்லும்," என்றாராம். இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, வெள்ளிக்கிழமைகளில் கிழவிக்காக நான் பட்டினி இருக்கவேண்டுமாம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரி என்றேன்.

ஏப்ரல் 12

வெள்ளிக்கிழமை. நான் ஏமாற்றுகிறேனா என்று பார்க்க மதியமே வந்துவிட்டாள், ஓவனில் சுட்ட மக்ரோனித் தட்டோடு. எனக்கு எதிரே உட்கார்ந்து ருசித்து ருசித்துச் சாப்பிட்டாள். ஸ்பீரு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"பொம்பளைங்க விஷயம். நீ போண்ணே."

அவர் போனதும், மொறுமொறுப்பான ஓரத்துண்டை முள்கரண்டியில் குத்தி என் பக்கம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணி. கிழவி கொஞ்சம் காத்திருக்கட்டும்."

சாப்பிட்டேன்.