பாவடியில் பொடுதலை

ஏப்ரல் 18

பாலவனத்தம் கண்மாய்க் கரையிலிருந்து ஒரு சாக்கு பொடுதலை, தரையில் படரும் செடி. "ஆட்டுக்கா?" என்றார் பஸ் கண்டக்டர். "தரைக்கு" என்றேன். சாக்குக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

நெசவுக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் எங்கள் பாவடியில் நட்டாயிற்று. போன ஆடிக் காற்றில் ஈரக் கஞ்சிமேல் செம்மண் அப்பி ஒரு பாவே வீண். தரை முழுக்க சிமெண்டு பூசப்போவதாக அப்பா. பூசினால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. எங்கள் போர்வெல் ஏற்கெனவே இருமுகிறது.

ஆடி வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் செடி தரையை மூட வேண்டும்.

"எம்.ஏ. படிச்சது புல்லு நடவா?" — அப்பா எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் சொன்னது. தமிழில் எழுதினால் கேலி பாதி குறைந்துவிடுகிறது. நல்லது.

ஏப்ரல் 30

சுற்றிலும் முள் அடைத்தேன். இப்போதைக்குப் பாவு நீட்டுவது பக்கத்துத் தெரு சங்கரி அக்கா வீட்டு முன்னால்.

கணுவுக்குக் கணு வேர். ஒரு செடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? நானும் இப்படித்தானா — வேண்டாம். தண்ணீர் ஊற்று.

மே 27

போச்சு. சங்கரி அக்கா வீட்டுத் தெருவைப் பஞ்சாயத்துல குழாய் போடத் தோண்டிட்டாங்க. விடிஞ்சதும் அப்பா முள்ளை இழுத்துப் போட்டுட்டு இங்கேயே பாவை நீட்டிட்டாரு. எட்டுப் பேரு காலு. எம்மேலயே நடந்த மாதிரி இருந்துச்சு.

"காலே படக்கூடாதுன்னா அப்புறம் எதுக்குடி பாவடி?" என்றார் அக்கா.

இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

மே 28

தண்ணீர் ஊற்றவில்லை.

மே 29

ஊற்றினேன்.

ஜூலை 4

நடந்த இடத்தில்தான் தரையோடு ஒட்டிப் பாய்போலப் படர்ந்திருக்கிறது. யாரும் போகாத மூலையில், முள் இன்னும் கிடக்கும் இடத்தில், நெட்டையாக எழுந்து நிற்கிறது. நடுவே மண் தெரிகிறது.

முள்ளை எடுத்துவிட்டு, போய் நடந்தேன். குறுக்கும் நெடுக்கும்.

"என்ன சுபா, தரைக்குக் காலு பிடிச்சு விடுறியா?" சங்கரி அக்காதான். பிறகு அவரும் இறங்கினார்.

கிள்ளியதில் துவையல். அப்பா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். என்ன கீரை என்று கேட்கவில்லை.

ஜூலை 29

ஆடிக் காற்று. ரோட்டில் கண் திறக்க முடியவில்லை. பாவடியில் வெள்ளைப் பாவு வெள்ளையாகவே காய்ந்தது. அப்பா இழையைத் தடவி விரலைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

ஆகஸ்ட் 3

கொத்தனார் அய்யப்பன் டேப்போடு வந்தார். "சிமெண்டு எப்பண்ணே இறக்கலாம்?"

அப்பா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாய்யா. வெறுங்காலா மிதி, நல்லாப் படரும்."

அய்யப்பன் டேப்பைச் சுருட்டினார். கொஞ்சம் நடந்து பார்த்தார்.