நீ கேட்காமல் விட்ட ஒரே சம்பளம்

அடியே,

நேற்று ரசத்தில் உன் மிளகைப் போட்டுவிட்டேன். தெரியாமல்தான். செங்டுவை விட்டுக் கிளம்பும்போது பை பையாக வாங்கி வந்து எனக்குப் பாதி கொடுத்தாயே, அந்தச் சீனத்து மிளகு. ஜாம் பாட்டிலில் போட்டு அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்திருந்தேன். அம்மா அவசரமாக "மிளகு எங்கடி?" என்று கேட்க, கைக்கு வந்ததை எடுத்து நீட்டினேன். அவள் கண்ணாடி போடாமல் சீரகத்தோடு சேர்த்துத் தட்டிப் போட்டுவிட்டாள். எலுமிச்சைத் தோலைக் கசக்கியது போல வாசனை எழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டாள்.

"என்னடி இது, நாக்கு இருக்கான்னே தெரியல! உதடெல்லாம் விறுவிறுங்குது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுடி!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே உனக்கு மெசேஜ் போடலாம் என்று போனை எடுத்தேன். உன் பெயரைத் தேடிக் கண்டும் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு குளிர்காலமே கழிந்துவிட்டது, இன்னும் எனக்குப் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ அப்போதுதான் வந்து சொல்வது போலத் திடுக்கிடுகிறது. அம்மா நாக்கைத் தேய்த்துக்கொண்டு நிற்க, நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உன்னை முதன்முதலில் பார்த்த அன்றும் எனக்கு அதிர்ச்சிதான். ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கு லண்டனில் நாம் சேர்ந்த முதல் நாள். இடைவேளையில் டீக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நீ பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டினாய். தமிழா என்று கேட்டாய், ஆமா என்றேன். இல்ஃபோர்டில் இருக்கிறேன் என்றேன், தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருப்பதாக நீ சொன்னாய். யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கில் வளர்ந்து, பள்ளிக்கூட வயதில் இங்கே வந்த கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் அடுத்த கேள்வியைப் போட்டாய்.

"இப்ப எங்க வேலை செய்யிறாய்? எவ்வளவு தாறாங்கள்?"

எனக்குக் காது சிவந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவள் நான். இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட நாகரிகமே யாரிடமும் சம்பளம் கேட்கக் கூடாது என்பதுதான். என் அம்மா விருந்தாளிகளிடம் கேட்கும்போதெல்லாம் மேசைக்கு அடியில் அவள் காலை மிதிப்பேன். நீயோ என் வயதுக்காரி, இந்த ஊரில் படித்தவள், கொஞ்சமும் கூசாமல் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஏதோ மழுப்பினேன்.

"ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு? களவெடுத்த காசே?" என்றாய்.

உனக்கு அது ஒரு வியாதி என்றே நினைத்தேன். ஆர்ச்வே முருகன் கோயிலில் செருப்பு போடும் இடத்தில் அறிமுகமான மலேசியாக்காரக் கணக்காளரிடம் கேட்டாய். டிராம் ஓட்டுநரிடம் கேட்டாய். நம் பயிற்சி ஆசிரியையிடமே கேட்டுவிட்டாய், அந்த அம்மாளுக்கு மூச்சு நின்றுவிட்டது. மிச்சத்தில் உங்கள் தெருவில் எவருக்கு என்ன சம்பளம், எவருக்கு எப்போது கூட்டினார்கள் என்பதெல்லாம் உன் விரல்நுனியில் இருந்தது. நான் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுவேன். எத்தனையோ முறை கேட்டும் லண்டனில் என் சம்பளத்தை மட்டும் உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

சீனாவுக்குப் போகலாம் என்ற யோசனை உன்னுடையது. இங்கே வாடகை கொடுத்து மாளவில்லை, அங்கே பள்ளிக்கூடமே வீடு தருகிறது என்றாய். பட்டம், பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் முத்திரை குத்தி வாங்க நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? ஒரு தனியார் பள்ளி நம் இருவரையும் வீடியோவில் பேட்டி எடுத்தது, தனித்தனியாக. அதற்கு முன்பே முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள். நீ பச்சைச் சேலையில் எடுத்த படத்தை அனுப்பினாய். "கலியாணத்துக்குக் கேட்டமாதிரி எல்லோ கேக்கிறாங்கள்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். இருவருக்கும் ஒரே சம்பளத்தில் வேலை கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தில் வேறொன்றும் யோசிக்கத் தோன்றவில்லை.

செங்டு நமக்குப் பிடித்துத்தான் போனது. பிள்ளைகள் உன்மேல் உயிராக இருந்தார்கள். நீ வகுப்பில் கோழி மாதிரி நடந்து காட்டி வினைச்சொல் கற்றுக்கொடுப்பாய், ஜன்னல் வழியாகப் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்க்கும். சில மாதம் கழித்து டாம் வந்து சேர்ந்தான். நம்மோடு அதே பயிற்சி வகுப்பில் இருந்த அதே டாம். நல்ல பையன், தங்க நிறத் தலைமுடி, பாடத்திட்டம் எழுத வராது. லண்டனில் உன்னுடையதைப் பார்த்துத்தான் எழுதுவான், அங்கே வந்தும் உன்னுடையதைத்தான் வாங்கிக்கொண்டு போனான்.

அவன் வந்த வாரம் மூவரும் கொதிக்கும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மிளகாய் எண்ணெய் கொதிக்க, உன் மிளகு மேலே மிதக்க, நீ வழக்கம்போல ஆரம்பித்தாய்.

"டாம், உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?"

நான் மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். டாம் கழுத்து வரை சிவந்தான். அங்கே இங்கே பார்த்துவிட்டு, தணிந்த குரலில் ஒரு தொகையைச் சொன்னான். எனக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னேன். கிட்டத்தட்ட நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அதே பாஸ்போர்ட், அதே சான்றிதழ், அதே வகுப்பறை, உன்னுடைய பாடத்திட்டம்! நான் நம் சம்பளத்தைச் சொன்னதும் அவனும் ஆடிப்போய்விட்டான், பாவம். அவனுக்கு நம் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.  நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் நீ என் வீட்டுக் கதவைத் தட்டினாய். "வாடி, போய்க் கேப்பம்." வேலை போய்விடும் என்று நான் பின்வாங்கினேன். "போனாப் போகட்டும். கேட்டா வாய் தேஞ்சு போகுமே?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். மொழிபெயர்க்க நம்மோடு வகுப்பெடுக்கும் லின் வந்தாள். பள்ளி இயக்குநர் அம்மாள் கோபப்படவே இல்லை. நமக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

அவள் சொன்னதை லின் தலையைக் குனிந்துகொண்டே மொழிபெயர்த்தாள். விளம்பரத்தில் எந்த முகம் வருகிறது என்று பார்த்துத்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள், உங்கள் முகங்களைப் பார்த்துக் குறைவாகத்தான் ஆரம்பிக்க நினைத்தோம் என்றாள். வானிலை சொல்வது போல அதைச் சொன்னாள். என் உடம்பு எரிந்தது. நீ எழுந்து கத்தப் போகிறாய் என்று நினைத்தேன். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இருந்தாலும் உங்களுக்கும் இதைவிட அதிகம் கொடுக்க ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று பேட்டியில் இரண்டு பேரிடமும் கேட்டேன். நீங்கள் பார்த்து எது நியாயம் என்று நினைக்கிறீர்களோ அதைக் கொடுங்கள் என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள். நான் பார்த்தேன். அந்தப் பையன் நான் சொன்ன தொகையை மூன்று முறை போதாது என்றான்."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். உன் வாய் திறந்தபடி இருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "எடியே, நீயும் அதைத்தான் சொன்னனியோ?"

"ஆமா. நீ?"

"ஓம்." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "ஐயோ கடவுளே. ஊரில உள்ள எல்லாற்ரை சம்பளமும் எனக்குத் தெரியுமடி. என்ரை சம்பளத்தை மட்டும் நான் கேக்கேல்லை."

அடிப்பாவி! டிராம் ஓட்டுநரையும் விடாமல் கேட்ட வாய் அது. உன் முறை வந்தபோது, காய்கறிக்காரனிடம் கொசுறு வாங்குவது போல, பார்த்துப் போட்டுத் தாங்கோ என்று கையை நீட்டியிருக்கிறாய். நானும்தான். நம் வீட்டில் யாருக்குத்தான் அது வந்திருக்கிறது சொல்? அடுத்தவன் சம்பளத்தைத் துருவித் துருவிக் கேட்போம். நம் கூலியைச் சொல்லச் சொன்னால் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்று வாய் கட்டிப்போகும்.

அன்றைக்கு அதோடு முடியவில்லை. நம்மோடு படியில் உட்கார்ந்த லின்னிடமும் நீ கேட்டாய். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நம்முடையதில் பாதிகூட இல்லை. நம் வகுப்புகளுக்கெல்லாம் பரீட்சைத்தாள் திருத்தியது அவள், பெற்றோருக்குப் பதில் சொன்னது அவள். நமக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்று பொங்கிக்கொண்டிருந்த எனக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வா, எல்லாரும் சேந்து கேப்பம்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னாய். அவளுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது.

அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒத்திகையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ இயக்குநர் அம்மாள், நான் நான். நான் தொகையைச் சொல்லி, உடனே "சாரி" என்று சேர்த்துவிடுவேன். "விசரி, ஏன் மன்னிப்புக் கேக்கிறாய்? காலை மிதிச்சனியே?" என்று தலையணையால் அடிப்பாய். கேட்டோம். கூட்டினார்கள். லின்னுக்கும் கொஞ்சம் கூட்டினார்கள். டாம் அளவுக்கு நமக்குக் கடைசிவரை வரவில்லை, முகத்துக்கான கழிவை அவர்கள் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு நீ தெற்கே ஒரு கல்லூரியில் சேர்ந்தாய், நான் இங்கே இல்ஃபோர்டில் மணிக்கணக்கு வேலையில் சேர்ந்தேன். கடைசியாக ஒரு மாலை போனில் சண்டை போட்டோம், உப்புமாவுக்கு வெங்காயம் எப்படி நறுக்குவது என்று. மறுநாள் உன் அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி போயிட்டாள், பிள்ளை" என்றார். எங்கே போயிட்டா என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். டிராமுக்கு நின்ற இடத்தில் சரிந்தாயாம். உப்புமாவுக்குச் சண்டை போட்டவளுக்கு இரத்தக்குழாய் எப்படியடி வெடிக்கும்?

எல்லாம் முடிந்து மிச்சத்தில் உங்கள் வீட்டில் சாப்பாடு.  உன் சித்தப்பா ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பிள்ளை இப்ப எங்க வேலை? எவ்வளவு தாறாங்கள்?"

அதுவரை அழாதிருந்தவள் ஓவென்று கதறிவிட்டேன். அந்த மனிதர் பயந்துபோய் எழுந்தார். "ஐயோ, நான் என்ன பிழையாக் கேட்டுப்போட்டன்?" என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். உன் அண்ணன்தான் சிரித்தார், கண்ணீரோடு.

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், இங்கே என் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வாடகைக்கே இழுபறி. சீனாவில் வேறொரு ஊரில், வேறொரு பள்ளியில், ஆங்கிலப் பிரிவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடினார்கள். விண்ணப்பித்தேன். இன்று காலை வீடியோவில் பேட்டி. இது கைநழுவினால் அம்மாவோடு வேறு சின்ன வீடு பார்க்க வேண்டும், அதுவும் கிடைத்தால். காலையிலிருந்து அம்மா பின்னாலேயே சுற்றினாள். "அதிகமா கேட்டுத் தொலைச்சிடாதடி. அவங்களே பார்த்துக் குடுப்பாங்க."

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் அந்தப் பெண் கேட்டாள், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனைக்கும் பிறகும் அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கே என்னை நம்ப முடியவில்லை. விழுங்கினேன். பிறகு நான் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன்.

"எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?"

திரையில் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உறையவில்லை, அவள்தான் அசையாமல் இருந்தாள். பக்கத்தில் யாரையோ பார்த்தாள். பிறகு சொன்னாள். நான் மனதுக்குள் மிக அதிகம் என்று பயந்து வைத்திருந்த தொகை அதற்குக் கிட்டேகூட வரவில்லையடி.  இவ்வளவு காலமும் என்னை நானே எவ்வளவு மலிவாக விற்றிருக்கிறேன்!

"எனக்கும் அதுவேதான் வேண்டும்" என்றேன்.

பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கதவுக்கு வெளியே அம்மா ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "கேட்டுட்டியாடி?" என்றாள். "கேட்டுட்டேம்மா." அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். 

நீ இருந்திருந்தால் எவ்வளவு கேட்டாய் என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். நானும் மழுப்பாமல் சொல்லியிருப்பேன். இன்றைக்குத்தான் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. கேட்கத்தான் நீ இல்லை.