இருநூற்றுப் பத்துக் குழிகள்

நவம்பர் 3

ஊர்க்கூட்டத்தில் இன்று பேசினேன். பதினான்கு வயதில் அங்கே பேசிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். கரிக்காக வெட்டி மொட்டையாக்கிய வடக்குச் சரிவில் மறுபடியும் கருவாலி மரக் காடு வர வேண்டும் என்று, மரம் வளர்ப்புப் புத்தகத்தில் படித்ததை வைத்து, குறிப்பைப் பார்க்காமல் ஏழு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஊர்த்தலைவர் பஸ்ஸு தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்! சரிவுக்கு அக்தால், அதாவது மேய்ச்சல் தடை, போட்டாயிற்று. மே பதினைந்து வரை ஓர் ஆடுகூட ஏறக் கூடாது. அன்று போய்ப் பார்ப்பார்கள். கன்றுகள் முளைத்திருந்தால் அக்தால் நீளும். இல்லாவிட்டால் ஆடுகளுக்குத் திறந்துவிடுவார்கள். காட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

நட்டமெல்லாம் ஹத்தா அத்தைக்கு. அப்பாவின் அக்கா, நாற்பது ஆடு. இனி தினமும் ஆற்றுக்கு அப்பால் ஓட்டிப் போக வேண்டும். வழியில் என்னை நிறுத்தி, "உன் புஸ்தகத்தையாவது குடுடி, என் ஆடுங்க அதைத் தின்னட்டும்" என்றாள்.

நவம்பர் 16

நட்டு முடித்தேன். இருநூற்றுப் பத்துக் குழிகள், குழிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு வெள்ளைக் கல். கருவாலிக் கொட்டைகளைப் போன மாதமே பொறுக்கிச் சரக்கறையில் வைத்திருந்தேன். பேச்சுக்கு முன் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஓடு சற்றுக் கருத்திருந்தது. நன்றாக முற்றியதன் அடையாளம்.

பழைய மரங்களின் செத்த கட்டைகள்தான் என் நேர்வரிசையைக் கெடுக்கின்றன. ஒன்று மட்டும் தட்டையாக இருப்பதால் மன்னித்தேன். அதில் உட்கார்ந்துதான் ரொட்டியும் ஒலிவக்காயும் சாப்பிட்டேன், இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 28

பனி. என் குழிகளுக்குக் குளிருமா? புத்தகத்தில் இல்லை.

மார்ச் 30

ஒன்றுமில்லை. பொறுமை வேண்டும் என்கிறது புத்தகம். அதை எழுதியவருக்கு ஹத்தா அத்தை இல்லை.

ஏப்ரல் 26

தாங்க முடியாமல் தோண்டினேன். முதல் குழி, நாற்பத்தேழு, நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் கருப்பு. ஒரு நூல் வேர்கூட இல்லை. ஒன்றைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.

"இது சரக்கறையில இருந்ததை நான் அவிச்சு வெச்சதாச்சே! இதையா நட்டே?"

"அவிச்சதா?"

"பின்ன? பச்சையா வெச்சா புழு வெச்சிடாதா? எந்த வீட்டுல அவிக்காம வெக்கிறாங்க?"

"காணோம்னு நீ தேடவே இல்லையேம்மா!"

"நீதான் தின்னு தீத்துட்டேன்னு நெனச்சேன். படிக்கும்போது கொறிச்சுக்கிட்டே இருப்பியே."

இருநூற்றுப் பத்து. எண் போட்டு. நேர்வரிசையில். ஒரு பலகாரத்தையே நட்டு வைத்திருக்கிறேன்.

மே 2

சொல்ல வேண்டுமா? பதினைந்தாம் தேதி வரை வாயை மூடிக்கொண்டிருந்து, "மழை போதவில்லை" என்றால் நம்பிவிடுவார்கள். ஐயோ, எவ்வளவு அழகாக வருகிறது இந்தப் பொய்!

மே 15

சொல்லிவிட்டேன். சரிவிலேயே, எல்லார் முன்னாலும். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பஸ்ஸு ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்புப் போட்டுத்தானே நட்டே, மகளே?" அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சது போதும், தொறந்து விடுங்க" என்றாள் அத்தை. அவள் ஆடுகளோடே வந்திருந்தாள். பஸ்ஸு தலையசைத்தார்.

நாற்பதும் பாய்ந்தன. முழங்கால் உயரப் புல்லை ஒன்றுகூடத் தொடவில்லை. நேரே அந்தக் கட்டைகளுக்குப் போய் முட்டி மோதின. அத்தைதான் முதலில் குனிந்தாள். என் தட்டைக் கட்டையின் அடியைச் சுற்றி, விரல் நீளத்தில், வெளுத்த பஞ்சு போர்த்திய இளந்தளிர்கள். பக்கத்துக் கட்டையிலும். அதற்கடுத்ததிலும். வருஷா வருஷம் துளிர்த்து, வருஷா வருஷம் ஆட்டு வாயில் போனவை. நான் குழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அத்தை கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்தாள். "எறங்குடா, சனியனே!" பிறகு பஸ்ஸுவிடம் கத்தினாள்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மூணு வருஷத்துக்கு மூடுங்க. மரமானா கீழ விழற கொட்டையை என் ஆடு தின்னும்." என் பக்கம் திரும்பி, "பச்சைக் கொட்டையை" என்றாள்.

ஜூன் 7

எழுபத்து மூன்று கட்டைகள் துளிர்த்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வெள்ளைக் கல்லை மாற்றி வைத்தேன். அத்தை ஆற்றுக்கு அப்பாலிருந்து கையாட்டினாள். திட்டவும் செய்தாள், சரியாகக் கேட்கவில்லை.

என் கட்டையில் இப்போது உட்கார முடியாது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.